நல்லாட்சியைத் தேடிய பிளேட்டோ

நுழையும்முன்

மனிதர் கூடி வாழத் தொடங்கிய காலந்தொட்டு ஆட்சிமுறைகள் தோன்றியும் மாறியும் வருகின்றன. ஒருவர் ஆளும் முடியாட்சி, சிலர் ஆளும் குழுவாட்சி, பலர் ஆளும் மக்களாட்சி என அவற்றின் வடிவங்கள் பல. இவற்றுள் எதுவேனும் முழு வெற்றி பெற இயலுமா என்னும் வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ. அவ்வினாவுக்கு அவர் நூலில் மட்டும் விடை தேடவில்லை. உயிருக்கு நேர்ந்த இடரையும் பொருட்படுத்தாது அரண்மனை வாயிலிலும் தேடினார். அவருடைய வாழ்க்கையை விளக்குகிறது இப்பாடம்.

போர்க்காலத்தில் வளர்ந்த இளைஞர்

பிளேட்டோ ஏறத்தாழ பொ.ஆ.மு. 427ஆம் ஆண்டில், ஏதென்ஸ் நகரின் உயர்குடியில் பிறந்தார். தந்தை அரிஸ்டன், தாய் பெரிக்டியோன். ஏதென்சுக்குச் சட்டங்களை வகுத்தளித்த சோலனின் குடிவழியோடு தாய்வழியில் தொடர்புடைய குடும்பம் அது. அத்தகைய குடியில் பிறந்த இளைஞன் அரசியலில் ஈடுபடுவதே அக்கால வழக்கம். பிளேட்டோவும் அதனையே விரும்பினார்.

ஏதென்சில் அப்போது மக்களாட்சி நிலவியது. குடியுரிமை பெற்ற ஆண்கள் பேரவையில் கூடி, போரையும் வரியையும் சட்டத்தையும் தாமே வாக்களித்து முடிவு செய்தனர். பதவிகள் பலவும் குடவோலை போன்ற குலுக்கல் முறையில் நிரப்பப்பட்டன. எனினும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அயலூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அவ்வுரிமை இல்லை.

பொ.ஆ.மு. 431இல் ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் தொடங்கிய பெலப்பொனீசியப் போர் 27 ஆண்டுகள் நீடித்தது. பிளேட்டோவின் இளமை முழுவதும் அப்போரிலேயே கழிந்தது. பொ.ஆ.மு. 415இல், பேச்சாளர்களின் சொல்லில் மயங்கிய பேரவை, தொலைவிலுள்ள சிசிலித் தீவின்மீது படையெடுக்க முடிவு செய்தது. இரண்டே ஆண்டுகளில் அப்பெரும்படை அடியோடு அழிந்தது. பொ.ஆ.மு. 406இல், கடற்போரில் வென்று திரும்பிய தளபதிகள், புயலில் சிக்கிய வீரர்களை மீட்கவில்லை என்னும் குற்றச்சாட்டுக்கு ஆளாயினர். ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்னும் நெறியை மீறி, பேரவை அவர்கள் அனைவருக்கும் ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனை விதித்தது. அறுவர் கொல்லப்பட்டனர். அந்நாளில் பேரவையை நடத்தும் குழுவில் இடம்பெற்றிருந்த ஒரு முதியவர், சட்டத்துக்குப் புறம்பான அவ்வாக்கெடுப்புக்கு இறுதிவரை உடன்படவில்லை. அவர்தாம் சாக்ரடீஸ், பிளேட்டோவின் ஆசிரியர்.

இரண்டு ஆட்சிகளும் ஓர் ஆசிரியரும்

பொ.ஆ.மு. 404இல் ஏதென்ஸ் தோல்வியுற்றது. ஸ்பார்ட்டாவின் துணையோடு முப்பதின்மர் ஆட்சி அமைந்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான கிரிட்டியாஸ் பிளேட்டோவின் தாய்க்கு உறவினர். தாய்மாமனான கார்மிடிசும் அவ்வாட்சியில் பங்குகொண்டார். பிளேட்டோவுக்கும் அவர்களிடமிருந்து அழைப்பு வந்தது. சீர்குலைந்த நகரைக் கற்றறிந்தோர் சிலர் நேர்செய்வர் என்று அவர் முதலில் நம்பினார். அந்நம்பிக்கை சில திங்களிலேயே பொய்த்தது. முப்பதின்மர் தம்மை எதிர்த்தோரையும் செல்வர்களையும் வேட்டையாடினர். ஏறத்தாழ 1500 பேர் கொல்லப்பட்டதாகப் பழைய குறிப்புகள் தெரிவிக்கின்றன. குற்றமற்ற லியோன் என்பவரைப் பிடித்து வருமாறு சாக்ரடீசுக்கும் வேறு நால்வருக்கும் ஆணை பிறந்தது. மற்றவர்கள் பணிந்தனர், சாக்ரடீஸ் ஒன்றும் பேசாமல் தம் வீட்டுக்குச் சென்றார். பலர் ஆண்டபோது பெரும்பான்மைக்கு அஞ்சாதவர், சிலர் ஆண்டபோது வாளுக்கும் அஞ்சவில்லை.

பொ.ஆ.மு. 403இல் மக்களாட்சி மீண்டது. வென்றவர்கள் பழிவாங்கலைப் பெரிதும் தவிர்த்து, பொது மன்னிப்பு வழங்கினர். பிளேட்டோவின் அரசியல் ஆர்வம் மீண்டும் துளிர்த்தது. ஆனால் பொ.ஆ.மு. 399இல் அதே மக்களாட்சி, நகரின் தெய்வங்களை மதிக்கவில்லை என்றும் இளைஞர்களைக் கெடுத்தார் என்றும் கூறிச் சாக்ரடீசை நீதிமன்றத்தில் நிறுத்தியது. குடிமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 500 நடுவர்கள் வாக்களித்தனர். எழுபது வயது ஆசிரியர் நஞ்சருந்தி இறந்தார்.

அப்போது பிளேட்டோவுக்கு வயது ஏறத்தாழ 28. தம் உறவினரின் குழுவாட்சி கொடுமையில் முடிந்ததை அவர் கண்டார். முறைப்படி நடந்த மக்களாட்சி தாம் அறிந்தவருள் மிக நேர்மையான மனிதரைக் கொன்றதையும் கண்டார். ஆட்சியின் வடிவத்தை மாற்றினால் போதும் என்னும் எண்ணம் அவரை விட்டு அகன்றது. அரசியல் வாழ்வைக் கைவிட்டு, ஏதென்சை நீங்கிப் பயணம் மேற்கொண்டார்.

அறிவே அரியணை ஏறட்டும்

ஏறத்தாழ நாற்பது வயதில் பிளேட்டோ தென் இத்தாலிக்கும் சிசிலிக்கும் சென்றார். சிசிலியின் பெருநகரான சிரக்கூசை முதலாம் டயோனிசியஸ் ஆண்டுகொண்டிருந்தார். கூலிப்படையின் வலிமையால் நகரைக் காத்த அவர், அதே வலிமையால் நகரத்தாரை அச்சத்தில் ஆழ்த்தியிருந்தார். அந்த அரண்மனையில் அரசரின் மைத்துனரான டியோன் என்னும் இளைஞர் பிளேட்டோவின் கருத்துகளில் ஆழ்ந்த பற்றுக்கொண்டார். அரசருக்கோ பிளேட்டோவின் பேச்சு கசந்தது. அரசரின் சினத்தால் பிளேட்டோ அடிமையாக விற்கப்பட்டு, அன்பர் ஒருவரால் மீட்கப்பட்டார் எனப் பிற்கால மரபுச்செய்தி கூறுகிறது.

ஏதென்சுக்குத் திரும்பிய பிளேட்டோ, ஏறத்தாழ பொ.ஆ.மு. 387இல் நகருக்கு வெளியே ஒரு சோலையில் கல்விக்கழகம் ஒன்றை நிறுவினார். அங்குக் கணிதமும் மெய்யியலும் அரசியலும் ஆராயப்பட்டன. பிற்காலத்தில் அரிஸ்டாட்டில் தம் பதினேழாம் வயதில் அங்கு மாணவராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகள் தங்கினார்.

தெரியுமா?
பிளேட்டோ கல்விக்கழகம் நிறுவிய சோலை, அகாடமஸ் என்னும் தொன்மக்கதை வீரரின் பெயரால் அழைக்கப்பட்டது. இன்று கல்வி, கலை நிறுவனங்களைக் குறிக்கும் 'அகாடமி' என்னும் சொல் அதிலிருந்தே தோன்றியது.

இக்காலத்தில் பிளேட்டோ எழுதிய 'குடியரசு' என்னும் நூல் பத்துப் பகுதிகளைக் கொண்டது. மெய்யறிவு பெற்றோர் ஆட்சியாளராகும்வரை, அல்லது ஆட்சியாளர் மெய்யறிவு பெறும்வரை, நாடுகளின் துன்பம் தீராது என்பது அதன் மையக்கருத்து. ஆள்வோர்க்குச் சொந்த நிலமும் பொன்னும் இருத்தலாகாது. நெடுங்காலக் கல்விக்கும் பயிற்சிக்கும் பின் ஐம்பது வயதிலேயே அவர்கள் தலைமைப் பொறுப்பு ஏற்க வேண்டும். தகுதியுடைய பெண்களும் ஆளலாம் என்று அந்நூல் வரையறுத்தது. அதே நூல், இத்தகைய சிறந்த அரசும் காலப்போக்கில் கெடும் என்றும் ஒப்புக்கொண்டது. புகழை நாடும் படைவீரர் ஆட்சி, செல்வர் ஆட்சி, மக்களாட்சி, கொடுங்கோலாட்சி என அச்சரிவின் படிகளை அது வரிசைப்படுத்தியது.

அந்நூலுக்கு ஒரு குறை உண்டு. ஆள்பவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று அது விரிவாகக் கூறியது. அவர் தவறினால் தடுப்பவர் யார் என்பதற்கு அதில் தெளிவான விடை இல்லை. அக்குறையின் விலையைப் பிளேட்டோவே சிரக்கூசில் செலுத்த நேர்ந்தது.

சிரக்கூஸ் அளித்த பாடம்

பொ.ஆ.மு. 367இல் முதலாம் டயோனிசியஸ் இறந்தார். அவருடைய மகன் இரண்டாம் டயோனிசியஸ் அரியணை ஏறினார். இளம் அரசரை மெய்யறிவின்பால் திருப்பலாம் என்று நம்பிய டியோன், பிளேட்டோவை மீண்டும் அழைத்தார். பிளேட்டோவுக்கு வயது அறுபதை எட்டியிருந்தது. செல்வதா என்று நெடிது தயங்கினார். செல்லாவிடில் நண்பரைக் கைவிட்டவராகவும், வெறும் சொல்லளவில் வாழ்ந்தவராகவும் ஆகிவிடுவோம் என்னும் எண்ணமே அவரைக் கப்பலேறச் செய்தது.

தொடக்கத்தில் அரண்மனையில் கணிதம் புதுமோகமாகப் பரவியது. வடிவங்கள் வரைவதற்காகத் தூவிய மணலால் அரண்மனைத் தரை நிறைந்திருந்ததாக வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியுள்ளார். ஆயினும் அரசவையில் ஐயமும் பொறாமையும் அகலவில்லை. டியோன் ஆட்சியைக் கவர முயல்கிறார் என்று சிலர் கோள் மூட்டினர். பிளேட்டோ வந்த நான்காம் திங்களிலேயே டியோன் நாடு கடத்தப்பட்டார். பிளேட்டோ கோட்டைக்குள் விருந்தினராக மதிக்கப்பட்டார்; வெளியேற இசைவு மட்டும் கிடைக்கவில்லை. பின்னர் ஒருவாறு விடைபெற்று ஏதென்ஸ் திரும்பினார்.

பொ.ஆ.மு. 361இல் மூன்றாம் அழைப்பு வந்தது. பிளேட்டோ வந்தால் டியோனின் வழக்கு நல்லவாறு முடியும். வராவிடில் முடியாது என்பது அதன் உட்பொருள். முதிய பிளேட்டோ நண்பருக்காக மீண்டும் கடல் கடந்தார். அரசரோ சொல் தவறி, டியோனின் உடைமைகளை விற்றார். பிளேட்டோவைக் கோட்டையிலிருந்து அகற்றிக் கூலிப்படையினரிடையே தங்கவைத்தார். அப்படையினருள் சிலர் அவரைக் கொல்லவும் எண்ணினர். தென் இத்தாலிய நகரான டாரென்டத்தின் தலைவரும் கணித அறிஞருமான ஆர்கிட்டஸ் கப்பல் அனுப்பி அவரை மீட்டார்.

பொ.ஆ.மு. 357இல் டியோன் சிறுபடையோடு சென்று சிரக்கூசைக் கைப்பற்றினார். பிளேட்டோவின் மாணவர் ஒருவர் கையில் அதிகாரம் வந்தது. ஆனால் அவர் மக்களின் நம்பிக்கையைப் பெற இயலவில்லை. தமக்குப் போட்டியான தலைவர் கொல்லப்படுவதற்கு அவரே இசைந்தார். பொ.ஆ.மு. 354இல், அவருக்கு நண்பராக இருந்த ஏதென்ஸ் நகரத்தவரான கல்லிப்பஸ் சூழ்ச்சி செய்து அவரைக் கொன்று ஆட்சியைப் பறித்தார். நல்லெண்ணமும் கல்வியும் உடையவராயினும், அதிகாரம் ஒருவரிடம் குவிந்தால் நேரும் இடரைப் பிளேட்டோ தம் அன்புக்குரியவரின் வாழ்விலேயே கண்டார்.

சட்டத்தின் பக்கம் திரும்புதல்

'அரசியலறிஞர்' என்னும் நூலில் பிளேட்டோ தம் கருத்தை மறுஆய்வு செய்தார். சட்டம் ஒவ்வொரு மனிதரின் சூழலுக்கும் பொருந்த இயலாது. ஆயினும் மெய்யறிவு பெற்ற ஆட்சியாளர் கிடைக்காதபோது சட்டத்தைப் பற்றி நிற்பதே பாதுகாப்பானது என்று அதில் கூறினார். சட்டத்தை மதிக்கும் நாடுகளில் முடியாட்சியை அவர் உயர்வாகக் கருதினார். சட்டம் மதிக்கப்படாத நாடுகளிலோ மக்களாட்சியே குறைந்த தீமை பயப்பது என்றார். அங்கு அதிகாரம் பலரிடம் பிரிந்திருப்பதே காரணம்.

முதுமையில் அவர் எழுதிய 'சட்டங்கள்' பன்னிரண்டு பகுதிகளைக் கொண்ட பெருநூல். கிரீட் தீவில் அமையவிருக்கும் கற்பனை நகர் ஒன்றுக்கு மூன்று முதியவர்கள் சட்டம் வகுப்பதாக அது அமைந்துள்ளது. அந்நகரில் 5040 குடும்பங்கள் நிலம் பெறும். எக்குடும்பமும் அடிப்படை நிலப்பங்கின் மதிப்பைப்போல் நான்கு மடங்குக்குமேல் செல்வம் சேர்க்கலாகாது. பதவி முடிந்த ஒவ்வோர் அலுவலரும் தணிக்கைக்கு உட்பட வேண்டும். பதவிகளுள் தலையாயது கல்விப் பொறுப்பாளர் பதவி. சட்டத்துக்கு முன்னுரை எழுதப்பட வேண்டும். நல்ல மருத்துவர் நோயாளிக்கு நோயை விளக்கிய பின் மருந்து தருவதுபோல், சட்டமும் தன் காரணத்தைக் குடிமகனுக்கு விளக்க வேண்டும். ஆள்வோர் சட்டத்தின் தலைவர்கள் அல்லர், அதன் பணியாளர்கள். பாரசீக முடியாட்சி அளவற்ற அதிகாரத்தாலும், ஏதென்ஸ் மக்களாட்சி அளவற்ற கட்டின்மையாலும் கெட்டன என்று ஆராய்ந்து, இரண்டின் நற்கூறுகளையும் கலந்த அரசையே அவர் பரிந்துரைத்தார்.

இந்நூலும் குறையற்றதன்று. அடிமை முறையை அது ஏற்றுக்கொண்டது. கவிதைக்கும் சமயக் கருத்துக்கும் கடும் கட்டுப்பாடு விதித்தது. தம் காலத்தின் எல்லையைப் பிளேட்டோ முற்றிலும் கடக்கவில்லை.

தேடலின் பயன்

பொ.ஆ.மு. 347இல், ஏறத்தாழ எண்பது வயதில் பிளேட்டோ ஏதென்சில் மறைந்தார். அவர் நம்பிச் சென்ற சிரக்கூஸ் ஆட்சி அவர் கண்முன்னரே சிதைந்தது. அவர் கடுமையாகக் குறைகூறிய ஏதென்ஸ் மக்களாட்சியோ அவர் மறைந்த பின்னும் கால் நூற்றாண்டு நிலைத்தது. சாக்ரடீசைக் கொன்ற அந்நகரமே, தன்னைக் குறைகூறிய அவருடைய மாணவரை நாற்பது ஆண்டுகள் தடையின்றிக் கற்பிக்க விட்டது. தன் பிழையைச் சுட்டுபவருக்கு இடமளிக்கும் ஆட்சியே தன்னைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைப் பெறுகிறது என்பதற்கு, பிளேட்டோ எழுதாமல் விட்டுச்சென்ற சான்று அவருடைய வாழ்க்கையே.

குறையற்ற ஆட்சியைப் பிளேட்டோ கண்டடையவில்லை. எந்த ஆட்சியும் அதன் பெயராலோ வடிவத்தாலோ வெல்வதில்லை என்பதையும், நல்லவரைத் தேடுவதோடு நில்லாமல் வல்லவரையும் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்பதையும், அச்சட்டத்தின் காரணத்தை உணர்ந்த குடிமக்களைக் கல்வியே உருவாக்கும் என்பதையும் அவர் கண்டடைந்தார். சிறந்த மனிதரைத் தேடத் தொடங்கிய பயணம், சிறந்த சட்டத்தையும் விழிப்புடைய குடிமக்களையும் தேடுவதில் நிறைவுற்றது. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தொடர வேண்டிய தேடல் அது.