சேற்றிலும் சிருஷ்டிகரைக் கண்டவர்



மட்டக்களப்பு வாவிக்கரையில், கண்டல் மரங்களின் அடியில் உள்ள சேற்றைக் கம்பினால் கிளறினால் குமிழிகள் எழுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். 1776ஆம் ஆண்டு நவம்பரில், இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் ஒருவர் இவ்வாறே சேற்றைக் கிளறி, எழுந்த வாயுவைப் போத்தலில் சேகரித்தார். அது தீப்பற்றி எரியக் கண்டார். இன்று மெதேன் என அழைக்கப்படும் சேதனச் சேர்வை அதுவே. அவர்தாம் அலெசாந்திரோ வோல்ட்டா. நம் வீட்டு மின்சாரத்தை அளக்கும் 'வோல்ட்' என்னும் அலகு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1745இல் கோமோ நகரில், பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார் வோல்ட்டா. பேச்சு வரத் தாமதித்த அப்பிள்ளை, பிற்காலத்தில் பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். நாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாறிமாறி அடுக்கி, இடையில் உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, தொடர்ந்து மின்னோட்டம் தரும் மின்கல அடுக்கை 1799இல் அமைத்தார். 1801இல் பாரிஸ் நகரில் நெப்போலியன் முன்னிலையில் அதனை விளக்கிப் பெரும் புகழ் பெற்றார்.

ஆயினும், அப்புகழ் அவரை ஆலயத்தினின்று பிரிக்கவில்லை. திருப்பலியில் தவறாது பங்குகொண்டார். தம் ஊர்ச் சிறுவர்க்கு ஞானோபதேசமும் கற்பித்தார். 1814இல் அவருடைய மகன் பிளாமினியோ இளம் வயதிலேயே இறந்தான். அத்துயரின் பின், 1815இல், தம் விசுவாசத்தை அவர் எழுத்தில் அறிக்கையிட்டார். தாம் அதனை வெறும் பழக்கத்தால் பற்றிக்கொள்ளவில்லை என்றும், ஆதரித்தோர் நூல்களையும் எதிர்த்தோர் நூல்களையும் ஆராய்ந்தே உறுதிபெற்றதாகவும் அதில் தெரிவித்தார். 1827 மார்ச் 5ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அவர் ஏற்றிய சுடர் அணையவில்லை. 1840களில் ஜெர்மானியரான கோல்பே, சேதன அமிலங்களினூடே மின்னோட்டத்தைச் செலுத்திப் புதிய சேர்வைகளைப் பெற்றார். தமிழகத்தின் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இத்துறையில் உழைத்துள்ளது. மருந்து முதலியவற்றுக்கான சேதனச் சேர்வைகளை ஆக்கும்போது, இலத்திரன்களைக் கொடுக்கவோ எடுக்கவோ வேண்டியிருக்கும். அதற்குக் குரோமியம் போன்ற நச்சு உலோகங்களின் சேர்வைகளைப் பயன்படுத்தினால் கழிவு மிஞ்சும். அக்கழிவு நீரில் கலந்தால் மீனும் மீனவரும் துன்புறுவர். மின்னோட்டமே அப்பணியைச் செய்யுமாயின் அத்தகைய கழிவு குறையும். சூரிய ஒளியிலிருந்து அம்மின்சாரம் கிடைக்குமாயின் நன்மை இன்னும் பெருகும். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல், பூமியை நம் பொது இல்லமாகப் பேணக் கேட்டதை இங்கு நினைவுகூர்வோம்.

பெற்றோரே, விஞ்ஞானம் பயிலும் உங்கள் பிள்ளை விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் அஞ்சாதீர்கள், அதட்டி அடக்காதீர்கள். வோல்ட்டாவும் கேள்வி கேட்டவரே. அப்பிள்ளையுடன் அமர்ந்து தேடுங்கள், சேர்ந்து செபியுங்கள். உண்மையைத் தேடும் உள்ளத்தை ஆண்டவர் கைவிடார்.