வாசலில் அமர்ந்த வழக்கறிஞர்

எங்கள் விஸ்வநத்தத்தில் சனிக்கிழமை என்றாலே சம்பள நாள். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து, வாரக் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு என் அன்னையார் வீடு திரும்பும் நாள். அதே சனிக்கிழமையில் ஒரு தீக்குச்சியையும் உரசலாகாது என்னும் சட்டமுடைய யூத மக்கள் நம் அண்டையிலுள்ள கொச்சியில் பன்னூறாண்டுகள் வாழ்ந்தனர் என்று படித்தபோது வியந்தேன். அவர்களுள் ஒருவரான ஆபிரகாம் பராக் சாலேமின் வாழ்வை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

யூதரின் ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடியும். விளக்கையும் வெள்ளியன்று கதிரவன் மறையுமுன் ஏற்றிவிட வேண்டும். மோசேயின் ஐந்து நூல்களும் 54 பகுதிகளாக வகுக்கப்பட்டு, வாரந்தோறும் தொழுகைக்கூடத்தில் தோற்சுருளிலிருந்து வாசிக்கப்படும். சனி காலையில் எழுவர் ஒருவர்பின் ஒருவராக அதற்கு அழைக்கப்படுவர். அவ்வழைப்பு பெரும் பேறு.

1882இல் பிறந்த சாலேமுக்கு அப்பேறு கிட்டவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர் என ஒதுக்கப்பட்ட பிரிவு அவருடையது. 1568இல் எழுந்த பரதேசிக் கூடத்தில் அவர்கள் வாசலருகிலோ தரையிலோதான் அமர வேண்டும். வெள்ளை யூதருடன் மணவுறவும் இல்லை.

எர்ணாகுளம் மகாராஜாக் கல்லூரியில் பயின்ற அவர், சென்னையில் பி.ஏ. பட்டமும் சட்டமும் முடித்து வழக்கறிஞரானார். கொச்சி சட்டசபையில் 1925 முதல் 1931 வரையிலும், 1939 முதல் 1945 வரையிலும் உறுப்பினராயிருந்தார். 1929இல் லாகூர் காங்கிரசுக்குச் சென்றார். ஆயினும் ஓய்வுநாளில் தம் தெருக் கூடத்தில் அவருக்கு இடம் வாசலே!

காந்தியடிகளின் அறப்போரை அவர் அக்கூடத்துக்குள் கொணர்ந்தார். சிலகாலம் அதைப் புறக்கணித்தார். சமயச் சட்டம் அவர் பக்கமே நின்றது. முறைப்படி யூத நெறியில் சேர்ந்தோரை ஒதுக்கலாகாது என்று, கொச்சியிலிருந்து சென்ற வினாவுக்குக் கெய்ரோ அறிஞர் தாவீது இப்னு சிம்ரா 16ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்பளித்திருந்தார். ஒதுக்கியது ஊர் வழக்கமே. 1930களிலும் 1940களிலும் தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பின்னர் அவர் மகனே வெள்ளை யூதக் குடும்பத்தில் பெண் எடுத்தார். பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்த பின்னும் கொச்சியிலேயே தங்கிய சாலேம் 1967இல் மறைந்தார்.

கோயில் நுழைவுப் பூசலால் 1899இல் சிவகாசி எரிந்ததை நாம் அறிவோம். மதுரைக் கோயிலின் கதவு எல்லார்க்கும் திறந்தது 1939இல். என் பாட்டனாரின் தந்தை வெளியே நின்று கும்பிட்டவர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயில் மிதித்த முதல் பெண் நான். வகுப்பில் பாடத்தை வாசிக்க ஆசிரியர் என் பெயரை அழைக்கும்போதெல்லாம், அழைப்புக்காகக் காத்திருந்த அம்மனிதர் என் நினைவில் எழுகிறார்.