நூலகர்களை உருவாக்கிய நூலகர்

அறிவைத் தேடுதல் கடமை என்னும் நெறியில் வளர்ந்த சமுதாயம் நம் சமுதாயம். அருள்மறையின் முதல் வெளிப்பாடே ஓதுதலையும் எழுதுகோலையும் முன்னிறுத்தி அமைந்ததை நாம் இளமை முதலே கேட்டு வருகிறோம். பாக்தாதில் கலீஃபா மஃமூன் காலத்தில் சிறந்து விளங்கிய அறிவு இல்லமும், குர்துபாவில் இரண்டாம் ஹகம் திரட்டிய நூற்றொகுதியும் அந்நெறியின் விளைவுகளே. பாக்தாதில் வாழ்ந்த நூல் வணிகர் இப்னு நதீம், தம் காலத்து நூல்களைப் பத்துப் பிரிவுகளாகப் பகுத்து, 987ஆம் ஆண்டளவில் ஃபிஹ்ரிஸ்த் என்னும் பெரும் அட்டவணையை யாத்தளித்தார்.

நூலகம் கண்ட மன்னர்களின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்தன. ஏடுகளைப் படியெடுத்து, வகைப்படுத்தி, நாடி வந்தோர் கையில் எடுத்துக் கொடுத்த பணியாளர்களின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்து போயின. நூலகப் பணி என்பது நூல்களைப் பூட்டிக் காக்கும் காவற்பணி என்றே நெடுங்காலம் கருதப்பெற்றது. அது கற்றுத் தேற வேண்டிய ஒரு கலை, அறிவியல், தொண்டு என்று நிறுவி, அப்பணியாளருக்குப் பயிற்சியும் மதிப்பும் கிடைக்க வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் ஒருவர் நம் தமிழ் மண்ணில் தோன்றினார். அவரே சீர்காழி இராமாமிருத அரங்கநாதனார். எஸ். ஆர். ரங்கநாதன் என்று உலகம் அறிந்த அப்பெருமகனாரின் வாழ்வை, நூலகப் பணியாளரின் கல்வி என்னும் ஒரு கோணத்தில் இங்கே காண்போம்.

பிறப்பும் கல்வியும்

அரங்கநாதனார் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அந்நாளைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சீர்காழியில் பள்ளிக் கல்வியை முடித்தபின், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பேராசிரியர் எட்வர்டு ராஸ் அவருக்குக் கணிதத்தில் மட்டுமன்றி வாழ்க்கை நெறியிலும் ஆசானாக அமைந்தார். பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், இறுதியாகச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். மாணவரைத் தாமே சிந்திக்கச் செய்யும் ஆசிரியர் என்று பெயர் பெற்றார்.

விரும்பாது ஏற்ற பணி

சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரைத் தேடிய காலம் அது. ஊதியம் மிகுதி என்பதனால் நண்பர்கள் தூண்ட, அரங்கநாதனாரும் விண்ணப்பித்தார், தேர்ந்தெடுக்கவும் பெற்றார். 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பதவி ஏற்றார். ஆனால், வகுப்பறையின் கலகலப்பில் பழகிய அவருக்கு ஆளரவமற்ற அந்த அறை சிறையாகத் தோன்றியது. வாசகர் வருகை மிகச் சிறிது. ஒரு வாரம் கழிவதற்குள்ளாகவே, தம்மை மீண்டும் ஆசிரியப் பணிக்கே அழைத்துக்கொள்ளுமாறு கல்லூரி முதல்வரிடம் வேண்டினார்.

நூலகவியலைக் கற்று வர அவரைப் பல்கலைக்கழகம் இங்கிலாந்துக்கு அனுப்ப இருந்தது. சென்று படித்துத் திரும்பிய பின்னரும் நூலகப் பணி பிடிக்கவில்லையெனில் பழைய பணியையே பெறலாம் என்று அவருக்குக் கூறப்பெற்றது. அந்த உறுதியை நம்பியே அவர் கப்பலேறினார். பயிற்சியின்றிப் பணியில் அமர்ந்தவர், எத்துணை அறிஞராயினும், அப்பணியின் அருமையை உணர இயலாது என்பதற்கு அரங்கநாதனாரின் இத்தொடக்கமே சான்று.

இலண்டன் தந்த தெளிவு

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1919இல் தொடங்கப்பெற்ற நூலகவியல் பள்ளி அவரை வரவேற்றது. அங்கே வகைப்பாட்டியல் கற்பித்த பெர்விக் சேயர்சு, குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகரும் ஆவார். அவர்தம் மேற்பார்வையில் குராய்டன் நூலகத்தில் அரங்கநாதனார் நேரடிப் பயிற்சி பெற்றார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரிற் கண்டார். தொழிலாளரும் மகளிரும் சிறுவரும் உரிமையோடு வந்து பயிலும் காட்சி அவர் உள்ளத்தைத் தொட்டது. அவ்வரவேற்பின் பின்னே பயிற்சி பெற்ற பணியாளர் நிற்பதையும் அவர் கண்டார். நூலகம் ஏட்டுக் கிடங்கன்று, மக்கள் அனைவருக்கும் கல்வி வழங்கும் கருவி என்பதை உணர்ந்தார். ஆசிரியப் பணியினின்று தாம் விலகவில்லை, அதனினும் விரிந்ததொரு வகுப்பறைக்குள் நுழைந்திருக்கிறோம் என்னும் தெளிவு பிறந்தது.

இலண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டதும் அக்காலத்தில்தான். சில தகடுகளும் திருகுகளும் கொண்டு வெவ்வேறு பொம்மைகள் உருவாக்கப்படுவதைக் கண்டு, நூற்பொருளையும் சிறு கூறுகளாகப் பகுத்து வேண்டியவாறு இணைக்கலாமே என்று எண்ணினார். அவ்வெண்ணமே 1933இல் கோலன் பகுப்பு முறையாக நூல்வடிவம் பெற்று, உலக நூலகவியலில் புதிய வழியைத் திறந்தது.

ஐந்து விதிகள்

1925இல் தாயகம் திரும்பிய அரங்கநாதனார், பழைய ஆசிரியப் பணியைக் கேட்கவே இல்லை. வாசகர் தாமே அடுக்குகளிடையே சென்று நூல்களை எடுத்துப் பார்க்கும் திறந்த முறையைப் பல்கலைக்கழக நூலகத்தில் கொண்டு வந்தார். தேடி வருவோர்க்கு உடனிருந்து துணை புரிவது பணியாளரின் தலையாய கடமை என்று வகுத்தார். பல்லாண்டுகள் விடுப்பே எடுக்காமல் தாமும் உழைத்தார்.

1928ஆம் ஆண்டு அவர் வாழ்வில் துயரும் ஆக்கமும் கலந்த ஆண்டு. அவ்வாண்டில்தான் அவர்தம் துணைவியார் ருக்மணி அம்மையார் எதிர்பாராத விபத்தில் மறைந்தார். அவ்வாண்டில்தான் நூலகவியலின் ஐந்து விதிகளும் அவர் சிந்தையில் உருப்பெற்றன. 1931இல் அவை நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பதில் தொடங்கி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற வாசகரும் கிட்ட வேண்டும் என்று கூறி, வாசகரின் காலத்தைப் பேணுதலை வற்புறுத்தி, நூலகம் வளர்ந்து கொண்டே இருக்கும் உயிர்ப்பொருள் என்பதில் அவை நிறைவுறும்.

இவ்விதிகளை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலப்படும். இவற்றுள் எதுவும் கட்டடத்தாலோ பணத்தாலோ மட்டும் நிறைவேறாது. வாசகரின் மனம் அறிந்து நூலை எடுத்துத் தரவும், காலம் வீணாகாமல் வழிகாட்டவும் வல்ல பணியாளர் வேண்டும். நூலகம் வளரும் உயிர்ப்பொருள் எனில், அதன் பணியாளரும் அறிவில் வளர்ந்து கொண்டே இருத்தல் வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு பள்ளி

இவ்வுண்மையை அரங்கநாதனார் ஏட்டளவில் நிறுத்தவில்லை. 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் செயலராக இருந்து, மறு ஆண்டே கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1931இல் அப்பயிற்சியைச் சென்னைப் பல்கலைக்கழகமே ஏற்று நடத்தியது. 1937இல் அது பட்டம் பெற்றோர்க்குரிய ஓராண்டுப் பட்டயப் படிப்பாக உயர்ந்தது. பகலில் நூலகராகவும் பயிற்சி வகுப்பில் ஆசானாகவும் ஒருவரே நின்று உழைத்தார். சங்கத்தின் தூண்டுதலால் 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்ற முயற்சி, நூலகர் வாசகரைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் கொள்கைக்குக் கண்கண்ட விளக்கமாயிற்று.

இத்துறையில் அவர் தனித்து நிற்கவில்லை என்பதையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். பரோடாவில் 1911இலும், இலாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 1915இலும் அமெரிக்க அறிஞர்கள் இத்தகு வகுப்புகளைத் தொடங்கியிருந்தனர். இலாகூரில் பயின்ற கான் பகதூர் அசதுல்லா அவர்கள் கல்கத்தா இம்பீரியல் நூலகத்தின் நூலகராக உயர்ந்து, 1935இல் அங்கே பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். 1933இல் உருவான இந்திய நூலகச் சங்கத்தின் செயலராகப் பல்லாண்டு உழைத்தவரும் அவரே. அச்சங்கத்திற்கு 1944 முதல் 1953 வரை அரங்கநாதனார் தலைமை தாங்கினார். சமய வேறுபாடு கடந்து அறிவுத் தொண்டில் இணைந்த இத்தகு பெரியோரின் வாழ்வு நம் மாணவர்க்கு நல்ல பாடம்.

காசியும் தில்லியும்

சென்னைப் பணியினின்று விலகியபின், 1945இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களின் அழைப்பை ஏற்றுக் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். ஓய்வுக்குரிய வயதில், ஏறத்தாழ இலட்சம் நூல்களைப் பெரும்பாலும் தனியொருவராகவே வகைப்படுத்தி முடித்தார். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். நூலகவியலில் முதுநிலைப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் பெறும் வாய்ப்பு அங்கே உருவாயிற்று. சான்றிதழ்ப் பயிற்சியில் தொடங்கிய கல்வி ஆய்வுப் பட்டம் வரை உயர்ந்த அவ்வளர்ச்சியில் அவருடைய உழைப்பே முதன்மையாய் நின்றது.

வகுப்பறைக்கு வர இயலாத பணியாளருக்கும் துறைச் செய்திகள் எட்ட வேண்டும் என்பதில் அவர் கருத்தூன்றினார். இந்திய நூலகச் சங்கத்தின் அப்கிலா இதழ் 1949இல் தொடங்கியது. தொடர்ந்து வந்த பிற இதழ்களையும் அவர் முன்னின்று வளர்த்தார். எங்கோ ஒரு சிற்றூரில் தனியே பணிபுரியும் நூலகர், தம் துறையில் நிகழும் மாற்றங்களை அறிந்து, தாமும் எழுதி, கருத்துரைக்க அவ்விதழ்கள் வழி வகுத்தன.

சட்டம் தந்த வாழ்வு

பயிற்சி பெற்றவர்க்குப் பணியிடம் வேண்டுமே! ஊர்தோறும் நூலகம் அமையவும், அதற்கு நிலையான பொருள் வருவாய் கிட்டவும் சட்டம் ஒன்றே வழி என்று அவர் பல்லாண்டு வாதாடினார். கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் தோன்றிய முதல் நூலகச் சட்டம் அதுவே. சொத்து வரியோடு நூலக வரி பெறப்பட்டு, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுக்கள் அமைந்தன. 1950இல் கன்னிமரா நூலகம் மாநில மைய நூலகமாயிற்று. இன்று நம் ஊர்க் கிளை நூலகத்தில் அமர்ந்து நாளிதழ் படிக்கும் முதியவரும், போட்டித் தேர்வுக்குப் பயிலும் இளைஞரும் அச்சட்டத்தின் பயனை நுகர்கின்றனர்.

ஈட்டியதை ஈந்தவர்

தாம் சேர்த்த பொருளில் ஓர் இலட்சம் ரூபாயை 1956இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, துணைவியார் சாரதா அம்மையார் பெயரால் நூலகவியல் பேராசிரியர் இருக்கை ஒன்றை நிறுவச் செய்தார். 1961இல் பெங்களூரில் அறக்கட்டளை ஒன்றையும் ஏற்படுத்தினார். மறு ஆண்டில் அந்நகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆவண ஆய்வுப் பயிற்சி மையம் அவர் வழிகாட்டுதலில் தொடங்கியது. எழுபது வயதிலும் அவர் கற்பித்தார், கற்பித்துக்கொண்டே கற்றார். தம் பகுப்பு முறையைத் தாமே மீண்டும் மீண்டும் திருத்தினார். 1957இல் பத்மஸ்ரீ விருதும், 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் என்னும் சிறப்பும் அவரை வந்தடைந்தன. 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் அவர் மறைந்தார். ஆகஸ்டு 12ஆம் நாள் அவர் நினைவாக தேசிய நூலகர் நாளாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது.

நம் கடமை

சென்னையில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன. கணினியும் மின்னூலும் நூலகத்தின் முகத்தையே மாற்றியுள்ளன. நேற்றுப் பெற்ற சான்றிதழ் ஒன்றையே கொண்டு நாளைய வாசகருக்கு வழிகாட்ட இயலாது. பல்கலைக்கழகங்கள் நடத்தும் அஞ்சல்வழிப் படிப்புகளும், நூலகச் சங்கங்களின் கருத்தரங்குகளும், 1972இல் தொடங்கிய இராசாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளையின் துணையும் இன்று பணியாளருக்கு உள்ள வாயில்கள். அவ்வாயில்கள் இருந்தும், ஊர்ப்புற நூலகத்தைத் தனியொருவராக நடத்துபவர் அதனைப் பூட்டிவிட்டுப் பயிற்சிக்குச் செல்வது எங்ஙனம்? மாற்றுப் பணியாளரும் பயணச் செலவும் தந்து அவரை அனுப்பி வைப்பது நிருவாகத்தின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது ஊராரின் உரிமை.

மாணவச் செல்வங்களே, நூலகப் பணியை எளியதென்று எண்ணாது, உங்கள் எதிர்காலத் துறைகளுள் ஒன்றாகக் கருதுங்கள். சமுதாயப் பெரியோர்களே, பள்ளிவாசலை ஒட்டியும் மதரசாக்களிலும் நாம் அமைக்கும் படிப்பகங்களுக்கு அலமாரி வாங்கித் தருவதோடு நம் கொடை நின்றுவிடலாகாது. அவற்றைப் பேணும் இளைஞர் ஒருவரையேனும் நூலகப் பயிற்சிக்கு அனுப்பி, அவர்க்குத் தக்க ஊதியமும் தருவோமாக. பயிற்சியற்ற கையில் நூல்கள் உறங்கும். பயின்ற கையில் அவை பேசும். பணியின் அருமை அறியாது வந்து, கற்றுத் தெளிந்து, தம்மைப் போல் ஆயிரவரை உருவாக்கிய அரங்கநாதனாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே. அறிவை வளர்க்கும் கரங்களுக்கு வலிமை சேர்க்க வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக!