டி. எஸ். பாலையா

டி. எஸ். பாலையா (ஆகத்து 23, 1914 - சூலை 22, 1972) தமிழ்த் திரைப்பட நடிகர். நாடக மேடையிலிருந்து திரையுலகிற்கு வந்த இவர், 1936 முதல் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் எதிர்நாயகன், நகைச்சுவை, குணச்சித்திரம் ஆகிய மூவகை வேடங்களிலும் நடித்துப் புகழ் பெற்றார்.

வாழ்க்கைக் குறிப்பு

பாலையா அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுண்டன்கோட்டை என்னும் ஊரில் பிறந்தார். இளவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து நடிப்புப் பயின்றார். ஒலிபெருக்கி பரவலாக இல்லாத அக்கால மேடைகளில் கடைசி வரிசையில் இருப்போருக்கும் கேட்கும்படி பேச வேண்டியிருந்தது. அழுத்தம் திருத்தமான உச்சரிப்பு பின்னர் இவரது நடிப்பின் அடையாளமாயிற்று.

திரைப்படத் துறை

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதி (1936) இவரது முதற்படம். எம். ஜி. ஆருக்கும் அதுவே முதற்படமாகும். கதாநாயகனைக் குடிப்பழக்கத்திற்கு இழுக்கும் தீய நண்பனாகப் பாலையா நடித்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அம்பிகாபதியில் எம். கே. தியாகராஜ பாகவதருக்கு எதிர்நாயகனாகத் தோன்றினார். பாடத் தெரிந்தவர்களே நாயகர்களாக விளங்கிய அக்காலத்தில், வசனத்தாலும் முகபாவத்தாலும் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றார்.

எனினும் இவர் வில்லன் வேடத்துள் அடங்கிவிடவில்லை. அண்ணாதுரையின் வேலைக்காரி (1949) படத்தில் நாயகனுக்கு வழிகாட்டும் நண்பன் மணியாக நடித்தார். தூக்குத் தூக்கியில் (1954) வடநாட்டுச் சேட்டாகவும், மதுரை வீரனில் (1956) வஞ்சகன் நரசப்பனாகவும், பாகப்பிரிவினையில் (1959) பிளவுபடும் குடும்பத்தின் மூத்த சகோதரராகவும் தோன்றினார்.

பிற்காலச் சிறப்பு

ஐம்பது வயதை நெருங்கிய பின்னரே இவருடைய பெரும்புகழ் பெற்ற வேடங்கள் அமைந்தன. ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை (1964) படத்தில் பணத்தாசை கொண்ட தந்தை விசுவநாதனாக நடித்தார். திரைப்படம் எடுக்க விரும்பும் மகன் செல்லப்பா (நாகேஷ்) பேய்க்கதை ஒன்றைச் சொல்லும் காட்சி தமிழ் நகைச்சுவையில் தனியிடம் பெற்றது. அதில் பேசுபவர் பெரும்பாலும் நாகேஷே. கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தில் படிப்படியாக ஏறும் அச்சமே காட்சியை நிறைவு செய்கிறது.

ஏ. பி. நாகராஜனின் திருவிளையாடலில் (1965) பாண்டிய நாட்டுப் புலவர்களுக்கும் பாடகர்களுக்கும் அறைகூவல் விடுக்கும் ஏமநாத பாகவதராக நடித்தார். பாடலைப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. அதற்கேற்ற வாயசைவு, சீடர்கள் சூழ அமர்ந்த மிடுக்கு, வித்தைச் செருக்கு ஆகியவற்றைப் பாலையா தந்தார். விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு அவர் இரவோடு இரவாக ஊரை விட்டு நீங்கும்போது, அந்தச் செருக்கின் அளவே வீழ்ச்சிக்கும் வலுவூட்டுகிறது.

பாமா விஜயம் (1967) படத்தில் ஆடம்பரத்தில் சிக்கிய பிள்ளைகளைத் திருத்தும் தந்தையாகவும், தில்லானா மோகனாம்பாளில் (1968) தவில் கலைஞர் முத்துராக்குவாகவும் நடித்தார். ஊட்டி வரை உறவு (1967) இவரது மற்றொரு குறிப்பிடத்தக்க படம்.

மறைவு

பாலையா 1972 இல் தமது 57 ஆவது வயதில் காலமானார். இவருடைய மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் குணச்சித்திர நடிகராக விளங்கி 2023 இல் மறைந்தார்.