மிச்சம் பிடிக்க முனைந்தவர்

நாள்தோறும் கோடிக்கணக்கானோர் ஒரு மனிதரின் பெயரை உச்சரிக்கிறார்கள். பேருந்து ஓட்டும் தோழர் சொல்லுகிறார். பட்டறையிலே கருத்த கையோடு நிற்கும் மெக்கானிக் சொல்லுகிறார். கிணற்று மேட்டிலே ஆயில் எஞ்சினோடு போராடிய உழவர் சொன்னார். விலை ஏறியது என்று செய்தி வந்தால், காய்கறிக் கூடையோடு வரும் தாய்மாரும் சொல்லுகிறார்கள். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்று எண்ணிச் சொல்வோர் எத்தனை பேர்?

டீசல்! எண்ணெயின் பெயர் என்றே நினைத்துவிட்டோம். எரிபொருள் வீணாவதைக் கண்டு மனம் பொறுக்காமல், வாழ்நாள் முழுவதும் மிச்சம் பிடிக்கும் வழி தேடிய ஒருவரின் பெயர் அது. மிச்சம் பிடித்தார், வெற்றியும் கண்டார். அந்த மிச்சம் யாருக்குப் போயிற்று? அதுதான் இன்று நாம் பேச வேண்டிய செய்தி, தோழர்களே!

ருடால்ப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். மாளிகையில் பிறக்கவில்லை, பிழைப்புத் தேடி ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்த ஒரு தோல் வேலைக்காரரின் வீட்டில் பிறந்தார். தந்தை செய்த பொருள்களைச் சுமந்து சென்று வீடு வீடாகக் கொடுத்துவரும் வேலை சிறுவனுக்கு. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. மன்னர்கள் மோதினர், மக்கள் துரத்தப்பட்டனர். ஜெர்மானியர் என்பதற்காக அந்தக் குடும்பம் பாரிசைவிட்டு இலண்டனுக்கு ஓடிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவன், தாய் தந்தையரைப் பிரிந்து, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

அங்கே படித்தார், மியூனிக் நகரப் பொறியியல் கல்லூரியில் இடம் பிடித்தார். குளிரூட்டும் இயந்திரம் கண்ட லிண்டே என்ற அறிஞர்தான் ஆசிரியர். ஒருநாள் பாடத்திலே அவர் ஒரு கணக்குச் சொன்னார். நீராவிப் பொறியில் போடும் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்குதான் வேலையாக மாறுகிறது, மற்றதெல்லாம் வீண்! சுரங்கத் தொழிலாளி உயிரைப் பணயம் வைத்து வெட்டியெடுத்த கரியிலே, நூறு மூட்டை போட்டால் பத்து மூட்டைக்குத்தான் பயன். தொண்ணூறு மூட்டை வெறும் வெப்பமாகக் காற்றோடு கலந்துவிடுகிறது! மற்ற மாணவர்கள் தேர்வுக்காக எழுதிக்கொண்டார்கள். டீசலின் நெஞ்சிலே அது முள்ளாய்த் தைத்தது. நச்சுக் காய்ச்சலால் தேர்வு தள்ளிப்போனபோதும், 1880இல் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்று வெளியே வந்தார். ஆசிரியரின் நிறுவனத்திலே வேலையும் ஏற்றார். ஆனால் அந்த முள்ளை மறக்கவில்லை.

இன்னொரு முள்ளும் இருந்தது. நீராவிப் பொறி பெரிது, விலையும் பெரிது. அதை வாங்க முதலாளியால் முடிந்தது, தச்சரால் முடியுமா? நெசவாளியால் முடியுமா? சிறு பட்டறைக்காரர் சாய்ந்தார், ஆலை ஓங்கிற்று. பட்டறையில் வளர்ந்த பிள்ளைக்கு இது புரியாதா? குறைந்த எரிபொருளில் ஓடும் ஒரு பொறி, சிறு தொழிலாளி தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய பொறி — அதைப் படைத்தே தீருவேன் என்று உறுதி பூண்டார்.

வழி என்ன? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் தொட்டு அறிந்திருக்கிறோம். காற்றை அழுத்தினால் சூடேறும். இன்னும் அழுத்தினால் இன்னும் சூடேறும். அப்படி அழுத்தி அழுத்தி, உள்ளே பாயும் எரிபொருள் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காற்றைச் சூடாக்கிவிட்டால்? தீப்பொறி வேண்டாம்; கொதிகலன் வேண்டாம். உயர்ந்த அழுத்தத்தால் வெப்பத்திலிருந்து கூடுதல் வேலையைக் கறக்கலாம். இதுதான் அவர் கருத்து. 1892இல் காப்புரிமைக்கு எழுதினார். அடுத்த ஆண்டு கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை இடம் தந்தது. குருப் நிறுவனம் பணம் தந்தது.

1893 ஆகஸ்டில் முதல் சோதனை. எரிபொருள் உள்ளே பாய்ந்தது, வெடித்தது, அழுத்தம் காட்டும் கருவி சிதறிப் பறந்தது. உயிர் தப்பியதே பெரிது! ஆனாலும் அவர் மகிழ்ந்தார் — பற்றவைக்காமலே பற்றிக்கொண்டதல்லவா! 1894 பிப்ரவரி 17ஆம் நாள் மறுபடியும் சோதனை. தொழிற்சாலையின் சுழல்தண்டிலிருந்து பெல்ட் மாட்டிப் பொறியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். உடனிருந்த தொழிலாளிதான் முதலில் கண்டார்: பெல்ட் பொறியை இழுத்தது போய், பொறி பெல்ட்டை இழுக்கத் தொடங்கிவிட்டது! அவர் பேசவில்லை, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். டீசலும் பேசவில்லை, அந்தத் தொழிலாளியின் கையைப் பற்றிக் குலுக்கினார். புதுப் பொறி பிறந்ததை உலகிலே முதலில் கண்டது, பட்டம் பெற்ற பெருமகன் அல்லர்; எண்ணெய்க் கறை படிந்த ஒரு பாட்டாளி!

1897 பிப்ரவரியில், பேராசிரியர் ஒருவர் முறைப்படி அளந்து பார்த்தார். வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் வேலையாயிற்று. சாதாரண நீராவிப் பொறி பத்தைத் தொடத் திணறிய காலம் அது! பல நாட்டு முதலாளிகள் உரிமை கேட்டுப் படையெடுத்தார்கள். பணம் குவிந்தது. கூடவே வழக்கும் வசையும் வந்தன. அவசரமாக விற்கப்பட்ட பொறிகள் பழுதாயின. குறை கூறுவோர் பெருகினர். 1898இல் அவர் உடல்நலமே குலைந்தது.

1900இல் பாரிசில் உலகப் பொருட்காட்சி. அங்கே ஓட்டோ நிறுவனத்தார் வைத்திருந்த ஒரு சிறு டீசல் பொறி, கடலை எண்ணெயில் ஓடிற்று! ஆம், நாம் தாளிக்கிறோமே, அதே கடலை எண்ணெய். கனிம எண்ணெய்க்காகச் செய்த பொறி. ஓர் ஆணியும் மாற்றவில்லை. வேறுபாடே தெரியாமல் ஓடியதால், பார்த்தவர்களிலே பலருக்கு அது கடலை எண்ணெய் என்பதே தெரியவில்லை. டீசல் தம் பொறியைக் கடலை எண்ணெய்க்காகவே படைத்தார் என்று சிலர் இன்று எழுதுகிறார்கள். அது சரியன்று. அவர் கரித்தூளைக்கூட முயன்று பார்த்துத் தோற்றவர். கடலை எண்ணெய் யோசனை பிரெஞ்சு அரசாங்கத்துடையது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலே கடலை விளைகிறது. கரி வாங்காமல் அங்கேயே பொறி ஓட்டலாமே என்ற கணக்கு. ஆள்வோரின் கணக்கு அது. ஆனால் டீசல் அதிலே வேறொன்றைக் கண்டார். மண்ணுக்கடியில் கிடப்பது தீர்ந்தாலும், கதிரவன் ஒளியில் விளைவது தீராது. உழவனே தன் பொறிக்கு எண்ணெய் விளைவிக்கலாம் என்று, தம் கடைசி ஆண்டுகளில், 1912இல் எடுத்துரைத்தார்.

இடையிலே 1903இல் ஒரு நூல் எழுதினார். பொறியைப் பற்றி அல்ல, மனிதரைப் பற்றி! தொழிலாளர்கள் ஆளுக்குச் சிறு காசு போட்டுப் பொது நிதி திரட்ட வேண்டும். அந்த நிதியின் பலத்தில் கூட்டுத் தொழிற்சாலைகள் நிறுவ வேண்டும். உழைப்பவரே உடைமையாளராக வேண்டும். ஆதாயத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் — இதுவே அதன் சாரம். பொறியைவிட இதையே தம் பெரிய சாதனையாகக் கருதினார். பத்தாயிரம் படிகள் அச்சாயின. விற்றவை சில நூறுதான். பொறிக்கு உலகமே வாடிக்கை, பொதுவுடைமைக்கு ஆளில்லை! அவருடைய எஞ்சினை வாங்கியவர்கள் அவருடைய எண்ணத்தை வாங்கவில்லை.

பொறியும் அவர் எண்ணியபடி சிறியவர் வீட்டுக்குப் போகவில்லை. உயர் அழுத்தம் தாங்கப் பருத்த இரும்பு வேண்டும். ஆகவே எடையும் விலையும் ஏறின. ஆலைக்குப் போயிற்று, கப்பலுக்குப் போயிற்று. 1912இல் செலாண்டியா என்ற டென்மார்க்குக் கப்பல், கரியும் புகைக்கூண்டும் இல்லாமல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் புறப்பட்டது. வையகம் வியந்தது. அதே பொறி நீர்மூழ்கிப் போர்க்கப்பலிலும் ஏறிற்று.

புகழ் வளர்ந்தது, பணம் கரைந்தது. நிலத்தில் போட்ட முதல் மூழ்கிற்று. கடன் கழுத்தை நெரித்தது. 1913 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். நண்பர்களுடன் இரவு உணவு அருந்தினார். காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். விடிந்து பார்த்தால் ஆள் இல்லை, படுக்கை கசங்கவில்லை. பத்து நாள்களுக்குப் பிறகு கடலில் மிதந்த ஓர் உடலை டச்சுப் படகினர் கண்டார்கள்; சட்டைப்பையில் இருந்த பொருள்களை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தப் பொருள்களைப் பார்த்துத் தந்தையினுடையவை என்று மகன் சொன்னார். வயது 55. எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள் என்பாரும் உண்டு. ஒற்றர்கள் கொன்றார்கள் என்பாரும் உண்டு. சான்று எதுவும் இல்லை. கடன் தாளாமல் தாமே முடித்துக்கொண்டார் என்பதே ஆராய்ந்தோரில் பலர் கொண்ட முடிவு. அடுத்த ஆண்டு உலகப் போர் வெடித்தது. அவர் பொறி கடலுக்கடியிலிருந்து கப்பல்களைக் கவிழ்த்தது.

அவர் கண்ட எண்ணெய்க் கனவு என்னாயிற்று? ஆராய்ந்து பார்ப்போம்; ஆர்ப்பரிக்க வேண்டாம்.

தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு தடிப்பானது. அப்படியே ஊற்றினால் பொறி ஓடும். நாளாக ஆக நாசில் அடைத்துக்கொள்ளும், உள்ளே கரி படியும். இதற்கும் வழி கண்டார்கள். 1937இல் பெல்ஜிய அறிஞர் ஒருவர், எண்ணெயைச் சாராயத்தோடு சேர்த்துக் கிளிசரினைப் பிரித்தெடுத்து மெல்லிதாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே பிரஸல்ஸ் நகரிலிருந்து லூவேன் நகருக்கு அந்த எண்ணெயில் பேருந்து ஓடிற்று. இன்று உயிரி டீசல் என்கிறோமே, அதன் மூத்த பிள்ளை அதுதான். ஆக, முடியுமா என்ற கேள்வி தீர்ந்து போன கேள்வி. போதுமா என்பதே கேள்வி!

கணக்குப் போடுங்கள். நல்ல விளைச்சலில் ஓர் ஏக்கருக்கு ஒரு டன் நிலக்கடலை என்று வையுங்கள். தோல் நீக்கினால் 700 கிலோ பருப்பு. ஆட்டினால் 300 கிலோ எண்ணெய். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் லாரிக்கு அதை ஊற்றினால், சென்னையிலிருந்து குமரிக்குப் போய்த் திரும்புவதற்குள் தீர்ந்துவிடும்! ஓர் ஏக்கர், ஓர் உழவர் குடும்பம், ஒரு பருவம் முழுவதும் பட்ட பாடு — ஒரே ஒரு நடை! எல்லா லாரிக்கும் இப்படி ஊற்றினால் சோற்றுக்கு நிலம் ஏது?

உணவல்லாத காட்டாமணக்கைத் தரிசிலே நடலாம் என்றார்கள். 2009இல் வந்த இந்திய அரசின் கொள்கை, 2017க்குள் நூற்றுக்கு 20 பங்கு கலப்பு என்று இலக்கு வைத்தது. செடி தரிசிலே உயிர் வாழ்ந்தது. ஆனால் நீரும் உரமும் இல்லாமல் காய்க்க மறுத்தது. இலக்கு ஏட்டோடு நின்றது. நம்பி நட்டவர்களுக்கு ஏமாற்றம்தான் விளைந்தது. கைகூடும் வழி வேறு: ஒருமுறைக்கு மேல் காய்ச்சி, உண்ணத் தகாததாகிவிட்ட உணவுவிடுதி எண்ணெயைத் திரட்டி டீசலாக்குவது. 2018 முதல் இந்தியாவில் அதற்கு ஏற்பாடு நடக்கிறது. வயிற்றைக் கெடுக்கும் எண்ணெய் வண்டியை ஓட்டட்டும்! ஆனால் அது உதவிப்படை, பெரும்படை வேறு.

பெரும்படை எது? எரிக்காமல் விட்ட எண்ணெய்! டீசல் நினைத்தது அதைத்தான். அவருடைய 26 பங்கு, இன்றைய பெருங்கப்பல் பொறிகளில் 50ஐத் தாண்டிவிட்டது. என்றாலும் உலகம் எரிக்கும் எண்ணெய் குறைந்ததா? இல்லை, பெருகிற்று! ஓட்டும் செலவு குறைந்ததும், ஒன்று ஓடிய இடத்தில் ஆயிரம் ஓடின. பொறி மிச்சம் பிடித்தது. பேராசை அதைச் செலவிட்டது. பொறியாளர் தம் கடமையைச் செய்துவிட்டார். சமுதாயம்தான் இன்னும் செய்யவில்லை.

லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் பேருந்து, ஐம்பது பேரைச் சுமக்கிறது. பதினைந்து, இருபது ஓடும் கார், பெரும்பாலும் ஒருவரைச் சுமக்கிறது. எது சிக்கனம்? கூட்டமாய்ப் போகிறவர் ஏழை என்று ஏளனம் செய்கிறார்களே, நாட்டின் எண்ணெயைக் காப்பவர் அந்த ஏழைதான்! கப்பல் தன் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், பயணத்துக்கான எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். 2008 நெருக்கடிக்குப் பிறகு கப்பல் முதலாளிகளே இதைச் செய்தார்கள் — இலாபம் கருதி! இலாபம் கருதி முடிந்தது, மக்கள் நலம் கருதி முடியாதா? சரக்கை ரயிலில் ஏற்றுவது, பேருந்தைப் பெருக்குவது, டயரில் காற்றைச் சரியாக வைப்பது, நின்ற வண்டியின் எஞ்சினை அணைப்பது — இவற்றுக்கு ஓர் ஏக்கர் நிலமும் வேண்டாம்.

நூற்றுக்குத் தொண்ணூறு வீணாகிறதே என்று வருந்திய மாணவர், கடலோடு போனார். அவர் பொறி மிஞ்சிற்று, பெயர் மிஞ்சிற்று, பெயருக்குரியவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்றை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்: குறைந்த எண்ணெயில் கூடுதல் வேலை. மற்றது, விற்காத அந்த நூலிலே கிடக்கிறது: மிச்சமானது உழைத்தவருக்கே உரியது. இரண்டும் ஒன்றாய்ச் சேரும் நாளில்தான் டீசலின் பொறி முழுமை பெறும். நாளைக் காலை பேருந்தின் உறுமலைக் கேட்கும்போது, தோல் சுமந்த அந்தச் சிறுவனை ஒரு கணம் எண்ணிக்கொள்ளுங்கள், தோழர்களே!