சிற்றரசர்களை அடக்கிக் கொச்சியைச் சீரமைத்த சக்தன் தம்புரான்

கொச்சி: கொச்சியின் இடப்பள்ளியில் இருந்து வடக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் பயணிப்போர் இரண்டு மணி நேரத்துக்குள் திருச்சூரை அடைகின்றனர். அந்த நகரத்தின் இன்றைய அமைப்புக்கும், உலகப் புகழ்பெற்ற பூரம் திருவிழாவுக்கும் அடித்தளமிட்டவர் 18-ஆம் நூற்றாண்டின் கொச்சி மன்னர் ராமவர்மா. மக்கள் அவருக்கு வழங்கிய பெயர் சக்தன் தம்புரான்.

1751 ஆகஸ்ட் 26-இல் வெள்ளாரப்பள்ளி அரண்மனையில் பிறந்த அவர், மூன்று வயதில் தாயை இழந்து சிற்றன்னையின் பராமரிப்பில் வளர்ந்தார். கொச்சி அரச குடும்பத்தில் தாய்வழி மரபே வாரிசுரிமையைத் தீர்மானித்தது. 1769-இல், 18 வயது நிரம்பும் முன்பே, இளவரசராக நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். 1790-இல் முறைப்படி அரியணை ஏறினார்.

அன்றைய கொச்சி நாற்புறமும் நெருக்கடியில் இருந்தது. துறைமுகமும் கோட்டையும் டச்சுக்காரர்களின் பிடியில் இருந்தன. 1766 முதல் மைசூருக்குக் கப்பம் கட்டும் நிலை. தெற்கே வலிமை பெற்ற திருவிதாங்கூர். 1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் எல்லைக்கோட்டையைத் தாக்கியபோது, போர் கொச்சியின் மண்ணிலேயே மூண்டது.

இந்தச் சூழலில் 1791-இல் கிழக்கிந்திய கம்பெனியுடன் அவர் உடன்படிக்கை செய்துகொண்டார். முதல் ஆண்டு 70 ஆயிரம் ரூபாயில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கப்பம் செலுத்த கொச்சி ஒப்புக்கொண்டது. மைசூரின் பிடி விலகியது. கம்பெனியின் மேலாதிக்கம் தொடங்கியது. 1795-இல் கொச்சிக் கோட்டையை டச்சுக்காரர்களிடம் இருந்து ஆங்கிலேயர்கள் கைப்பற்றினர். அதே ஆண்டில் ஐரோப்பாவில், சீர்திருத்த அரசியல் சட்டம் இயற்றி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த போலந்தை அண்டை வல்லரசுகள் முழுமையாகப் பங்கிட்டுக்கொண்டன. வல்லரசுகளுக்கு நடுவே சிறு நாடுகள் நிலைத்திருப்பது அக்காலத்தில் எவ்வளவு கடினம் என்பதற்கு அது ஒரு சான்று.

உள்நாட்டில் சக்தன் தம்புரான் மேற்கொண்ட மாற்றங்கள் ஆழமானவை. அதுவரை ஊர்களை ஆண்டுவந்த நாடுவாழிகள் எனும் சிற்றரசர்களின் நிர்வாக அதிகாரத்தைப் பறித்தார். நாட்டைக் கோவிலகத்தும்வாதுக்கல் எனப்பட்ட வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அரசுக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட அதிகாரியை நியமித்தார். வடக்குநாதர், பெருவனம் ஆகிய கோயில்களில் யோகத்திரிப்பாடுகள் செலுத்திவந்த ஆதிக்கத்துக்கு முடிவு கட்டினார்.

திருச்சூரைத் தமது தலைமையிடமாக்கிய அவர், வடக்குநாதர் கோயிலைச் சூழ்ந்திருந்த தேக்கின்காட்டை அழித்துத் திறந்த மைதானமாக்கினார். வணிகம் செழிக்க சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களை அங்கே குடியேற்றினார். மழையால் தாமதமாக வந்த கோயில் குழுக்கள் ஆறாட்டுப்புழா பூரத்தில் அனுமதிக்கப்படாததால், அவற்றுக்காகத் திருச்சூரிலேயே தனிப் பூரத்தை அவர் ஏற்படுத்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பாறமேக்காவு, திருவம்பாடி என்ற இரு அணிகளாக அவ்விழா இன்றும் நடைபெறுகிறது.

ஆனால், அவருடைய கரம் எல்லோரையும் அரவணைக்கவில்லை. 1791-இல் மட்டாஞ்சேரியின் கொங்கணி வணிகர்களுடன் வரி தொடர்பாக ஏற்பட்ட பூசல் ரத்தக்களரியில் முடிந்தது. அச்சமூகத்தின் முன்னணியினர் கொல்லப்பட்டனர், கடைகள் சூறையாடப்பட்டன. பலர் தங்கள் திருமலை தேவஸ்தானக் கோயிலின் மூலவர் சிலையுடன் திருவிதாங்கூருக்குத் தப்பிச் சென்றனர். அச்சிலை மட்டாஞ்சேரிக்குத் திரும்ப அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. குற்றவாளிகளை அஞ்சவைத்த அதே கடுமை, குற்றமற்றோரையும் ஊரைவிட்டு விரட்டியது.

1805 செப்டம்பர் 26-இல் தமது 54-ஆம் வயதில் திருச்சூரில் அவர் காலமானார். ஒரே மனிதரின் வலிமையில் நின்ற ஆட்சியின் பலவீனம் விரைவிலேயே வெளிப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குள் கம்பெனிக்கு எதிரான கிளர்ச்சி தோல்வியுற்று, 1809-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி கப்பம் 2 லட்சத்து 76 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. கொச்சியின் தன்னாட்சியும் பெயரளவுக்குச் சுருங்கியது.

அவர் வாழ்ந்த திருச்சூர் அரண்மனை இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அதன் வளாகத்திலேயே அவருடைய நினைவிடமும் அமைந்துள்ளது.