கிராமத்துக்கு லைன் இழுத்த செனட்டர்

மக்களே, பவர் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதியிருப்பீங்க. ஜார்ஜ் நாரிஸ்னு ஒரு பேர் கேள்விப்பட்டிருக்கீங்களா? நானும் இல்லை, போன மாசம் வரைக்கும்.

1930-களின் நடுவில் அமெரிக்காவில் பத்துப் பண்ணைகளில் ஏறத்தாழ ஒன்பதுக்குக் கரண்ட் கிடையாது. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்ததால், லைன் இழுக்கும் செலவு கட்டுப்படியாகாதுன்னு தனியார் கம்பெனிகள் ஒதுங்கிட்டாங்க.

நாரிஸ் 1861-ல் ஒஹாயோவில் பண்ணை வீட்டில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா போயிட்டார். வக்கீலாகி, நெப்ராஸ்காவில் குடியேறி, 1913-ல் செனட்டர் ஆனார். டென்னசி ஆற்று மின்சாரம் அரசு கையில் இருக்கணும்னு அவர் கொண்டுவந்த மசோதாக்களை கூலிட்ஜ், ஹூவர்னு ரெண்டு ஜனாதிபதிகள் தடுத்தாங்க. மனுஷன் விடலையே! 1933-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார்.

1936-ல் அடுத்தது, கிராம மின்மயச் சட்டம். விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தால், லைன் இழுக்க அரசே குறைந்த வட்டிக்குக் கடன் தரும். கவனிங்க, கடன்தான். மானியம் இல்லை.

1942 தேர்தலில் தோற்றார், 1944-ல் இறந்தார். படகில் டீசல் இறக்கி ஜெனரேட்டர் ஓட்டும் அலாஸ்கா கிராமங்கள் கடனை வாங்கி எப்படித் திருப்பிக் கட்டும்? எரிசக்திச் செலவு தேசிய சராசரியைப்போல 2.75 மடங்கு ஆகும் ஊர்களுக்கு, அதே சட்டத்தில் மானியப் பிரிவு சேர்ந்தது 2000-ல்தான்.